அலுமாரிக்கு அந்தப் பக்கம்

ஜூன் 16, திங்கள்

காலையிலிருந்து பேய்க்காற்று. பதுளை பஸ் ஸ்டாண்டில் குடை மடங்கி, கம்பி இரண்டு போச்சு. தைக்கக் கொடுக்க வேண்டும்.

ஸ்மார்ட் போர்ட் வந்து இன்றோடு ஐந்து வாரம். கரண்ட் இருந்தது மொத்தம் எத்தனை நாளோ. இருக்கும் நாளில் என் வகுப்பை, தரம் நாலைப் பிடித்து உட்கார வைக்க முடியவில்லை. "நான் டீச்சர், நான் டீச்சர்!"

இன்று அதிசயம். பவித்ரா தானாக எழுந்து வந்தாள். மூன்று வருசமாக வாசிக்கச் சொன்னால் தரையைப் பார்த்து நிற்கிற பிள்ளை. எழுத்துகளை விரலால் இழுத்து, பிழைவிட்டு, அழித்து, மறுபடி இழுத்து, 'குடை' என்று சேர்த்தாள். போர்ட் மணி அடித்ததும் சிரித்தாள். அவள் பல்லை இன்றுதான் பார்க்கிறேன்.

ஜூன் 18, புதன்

வெள்ளிக்கிழமை வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆட்கள் பள்ளியைப் பார்க்க வருகிறார்களாம். பள்ளி அதிபருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்து செய்யுங்க டீச்சர், மானம் போயிரக் கூடாது." அவ்வளவுதான் சொன்னார். மிச்சமெல்லாம் என் வேலை.

போர்டுக்கு வர எட்டுப் பேர். யார் எந்தச் சொல் என்று பிரித்து, மூன்று தடவை ஒத்திகை. மெதுவான ஐந்து பேர் அன்றைக்கு மட்டும் தரம் இரண்டில் இருக்கட்டும் என்று முடிவு. எல்லாப் பள்ளியிலும் செய்வதுதான். பவித்ராவும் அதில். ஒரு சொல்லுக்கு நாலு நிமிடம் எடுக்கிறாள், வந்தவர்கள் காத்திருப்பார்களா?

"ஏன் டீச்சர்?" என்றாள்.

"சும்மாதான்மா. ஒரு நாளைக்கு."

நீலச் சேலை இஸ்திரி. பால்மா முடிந்துவிட்டது.

ஜூன் 20, வெள்ளி

வந்தார்கள், பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். எட்டுப் பேரும் பிசகாமல் செய்தார்கள். வலயத்துப் பெரிய சேருக்கு ஏகப்பட்ட சந்தோசம்.

"இந்த வகுப்புல வாசிக்கத் தெரியாத பிள்ள யாரும் இல்லையா டீச்சர்?"

"இல்ல சேர்."

கண் இமைக்காமல் சொன்னேன். எங்கள் பள்ளி ஒரே மண்டபம். தரம் நாலுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒரு அலுமாரி மட்டும்தான். சொல்லி முடித்த பிறகுதான் அது ஞாபகம் வந்தது.

கேக், வாழைப்பழம், பிளேன்டீ. அதிபர் என்னைப் பாராட்டினார்.

ஜூன் 24, செவ்வாய்

நேற்றும் இன்றும் பவித்ரா போர்ட் பக்கம் வரவில்லை. தடிமன், காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நினைக்க வசதியாக இருந்தது.

பகல் தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அவள் அம்மா நேராகப் பள்ளிக்கு வந்துவிட்டார். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"மன்னிச்சுக்கங்க டீச்சர். புள்ள போர்ட்ல எதையோ ஒடச்சிட்டா போல. அதுக்குத்தான சின்ன வகுப்புல போட்டீங்க? என்னத்த ஒடச்சன்னு கேட்டா வாயே தொறக்கல. இனிமே கை வைக்காதன்னு நல்லா அடிச்சிட்டேன்."

"அவ ஒண்ணும் ஒடைக்கலங்க."

"அப்ப ஏன் டீச்சர்?"

மகள் கேட்ட அதே கேள்வி. வலயத்து ஆட்கள், எட்டுப் பேர், நாலு நிமிடம் எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. பள்ளி மணி அடித்தது. "நான் பாத்துக்கிறேங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். கோழை நான். இந்த ஒரு சொல்லை மட்டும் பிழை இல்லாமல் எழுதுவேன்.

ஜூன் 25, புதன்

காற்று இல்லை. கரண்ட் இருந்தது.

பவித்ராவிடம் போய்ச் சொன்னேன், எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கிற மாதிரி. "நீ ஒண்ணும் ஒடைக்கலம்மா. பிழை டீச்சரோடது." தலையாட்டினாள். போர்டுக்கு வரச் சொன்னேன், வந்தாள். 'நீர்வீழ்ச்சி' போட்டேன். வேண்டுமென்றே கஷ்டமான சொல், எவ்வளவு நேரமானாலும் நிற்பது என்று இருந்தேன்.

நீர்... வீழ்... ச்சி. வாசித்துவிட்டாள். எழுத்துகளைக் கலைத்துவிட்டு, "இப்ப நீயே இழுத்து அடுக்கு" என்றேன்.

இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீங்க தொடுங்க டீச்சர். நான் சொல்றேன்."