தெருப் பேரே குடும்பப் பேரு

அன்புள்ள மெரியல்,

நான் நலம். நம் மகள் டாம்சினுக்குக் காய்ச்சல் இறங்கியதா? நீ கொஞ்சமாவது தூங்கினாயா?

சாலை வேலை ஒழுங்காக நடக்கிறது. ஞாயிறன்று என் தாத்தா பிறந்த ஊருக்குப் போய்வந்தேன். கிர்க்கேட் என்ற நம் குடும்பப் பெயரில் சொந்தம் கிடைத்தால், குழந்தைக்கு மாற்றிவைக்க யாருடைய எலும்பு மஜ்ஜையாவது பொருந்துமே என்றுதான். தேவாலயப் பதிவேட்டைப் புரட்டிய பாதிரியார் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"உங்க தாத்தா கிர்க்கேட் தெருவுல கிடந்த குழந்தை, தம்பி. தெருப் பேரையே வச்சிட்டாங்க. அந்தப் பேர்ல உங்களுக்கு ரத்த சொந்தம் கிடையாது."

கலங்காதே, நான் சிரித்துக்கொண்டேன். தாத்தாவைப் பெற்றவள் அக்கம்பக்கத்துக்காரியாகத்தானே இருந்திருப்பாள்? அவள் வழிச் சொந்தம் இன்னும் அங்கேயே இருக்கலாமே. எச்சில் எடுக்க மருத்துவமனை தந்த பஞ்சுக்குச்சிகளோடு அந்தத் தெருவில் வீடு வீடாகக் கதவைத் தட்டினேன். பலர் சாத்திவிட்டார்கள். ஒன்பதாவது வீட்டில், மாவு அப்பிய கையோடு வந்த பெண் நான் சொன்னதை முழுவதும் கேட்டாள்.

"சொந்தமா இல்லையான்னு எச்சில் எடுத்துப் பாத்தாத்தானே தெரியும்? உள்ள வாங்க" என்றாள். அவளே பக்கத்து வீட்டார் நால்வரையும் கூட்டிவந்தாள்.

முடிவு வர மூன்று வாரமாம். அதுவரை டாம்சின் தாங்குவாளா என்று மருத்துவரிடம் கேட்டு எழுது. என் பழைய கம்பளிச் சட்டையை அவளுக்குப் போர்த்திவிடு. வேலை வண்டி வந்துவிட்டது.

உன்
ரோலண்ட்