கடைசி எட்டுப் பக்கம்

அரியூர் நாடு
வெகுதானிய வருஷம், ஐப்பசி 22

சிரஞ்சீவி குழந்தைசாமிக்கு உங்கப்பன் சின்னுசாமி ஆசீர்வாதம் சொல்லி எழுதறது. நீ பட்டணத்துல நோக்காடு ஏதுமில்லாம, வேளைக்குச் சாப்பிட்டு, அச்சாபீஸ் வேலையைப் பார்த்துக்கிட்டு நல்லபடியா இருக்கோணும்னு அறப்பளீசுவரரை நெனச்சுக்கிட்டு எழுதறேன். இங்க நாங்களும் அப்படியேன்னு அடுத்த வரி எழுதறதுதான் வழக்கம், இந்தத் தடவை அப்படி எழுத எனக்குக் கை வரலை சாமி. நாலு மாசமா உனக்கு ஒரு கடுதாசி போடலை. நீ மூணு போட்டிருக்கறே. மூணும் வந்துச்சு, மூணையும் உங்க ஆத்தா வாங்கி உறி மேல வெச்சுட்டா, பிரிக்க விடலை. நீ கோவிச்சுக்கிட்டிருப்பே, இல்லாட்டி நாங்க செத்தே போயிட்டம்னு நெனச்சிருப்பே. ரெண்டும் நாயந்தான். நடந்ததை இப்ப ஒண்ணு விடாம எழுதறேன், நின்னுக்கிட்டுப் படிக்காதே, ஒரு பக்கமா உக்காந்துக்கிட்டுப் படி.

ஆடி மாசம் முதல் வாரம், உங்க ஆத்தா சாமைக் காட்டுக்குக் களை எடுக்கப் போயிட்டா, நான் மிளகுக்கொடிக்குக் கீழே செத்தை வெட்டிக்கிட்டிருந்தேன். உன் தம்பி வெள்ளையன் ஓடை ஓரத்துப் பலாமரத்தடியில இருந்தான், பழுத்து விழுந்து வெடிச்ச பழம் ஒண்ணு கெடந்துச்சு, சுளை பொறுக்கித் தின்னுக்கிட்டிருந்தான். நான் கூப்பிடு தூரத்துலதான் இருந்தேன் கண்ணு, அதை மட்டும் நம்பு. பழ வாசனைக்கு அது வந்திருக்குது. பட்டப்பகல்ல வரும்னு யார் கண்டா. நம்ம ஊட்டுல அதும் பேரை வாய்விட்டுச் சொல்றதில்லை, சொன்னா வந்து நிக்கும்னு மேக்காட்டார்னுதான் சொல்லுவோம், உனக்குத் தெரியாததா. இப்ப வந்து நின்னுதான் போச்சு, இனி எதுக்கு மறைக்கோணும், கரடின்னே எழுதறேன். வெள்ளையன் சத்தம் போடவே இல்லை. ஓடவும் இல்லை. அந்தப் பக்கத்துக் காட்டுல இருந்த கருப்பண்ணன்தான் பார்த்துட்டுக் கூச்சல் போட்டான், நான் அருவாளோட ஓடறதுக்குள்ள அது ஒரு கை வெச்சுட்டுப் போயிருச்சு. இடப்பக்கத்து மொகம் பூராவும் கிழிஞ்சு தொங்குச்சு. கம்பளியில போட்டு மூங்கில்ல கட்டி நாலு பேரு மலையடிவாரம் காரவள்ளிக்கு எறக்கினோம், அங்கிருந்து வண்டி, அப்பறம் பஸ், சேலம் போய்ச் சேர்றப்ப மறுநா பொழுது சாய்ஞ்சு போச்சு. நாப்பது நாள் ஆசுபத்திரி. உசுரு நின்னுச்சு. இடக்கண்ணை எடுத்துட்டாங்க.

அவனுக்கு ஏழு வயசு. நீ பட்டணம் போறப்போ ஒரு வயசுப் பிள்ளை, உன் முதுகுல ஏறிக்கிட்டு எறங்கமாட்டேன்னு அடம் புடிச்சானே. நடுவுல பொறந்த மூணும் தங்கலை, தங்கினது இவன் ஒருத்தன், இவனுக்குமா இப்படி ஆகோணும். இன்னொண்ணும் எழுதறேன், மனசைத் திடப்படுத்திக்கோ. போன மாசம் மறுபடியும் காட்டறதுக்குக் கூட்டிக்கிட்டுப் போனோம். டாக்டர் இங்கிலீசுல சொன்னதைக் கம்பவுண்டர் தமிழ்ல சொன்னாரு, அந்தக் கண்ணுல பட்ட கேடு இந்தக் கண்ணுலயும் எறங்கிருச்சாம். வலக்கண்ணு செவந்து செவந்து தண்ணி வடியுது. பங்குனி வரைக்கும் வெளிச்சம் நின்னா பெரிசுன்னாரு. சொட்டு மருந்து குடுத்திருக்காங்க, ஒரு வேளை தவறாம விடறோம். இப்பவே வெயில்ல உக்காந்தாத்தான் அவனுக்கு எதுவும் சரியாத் தெரியுது, ஊட்டுக்குள்ள வந்தா செவுத்தைத் தடவறான்.

உங்க ஆத்தா கோவம் எதுக்குன்னு கேப்பே. நீ சித்திரையில அனுப்பின நாலு புத்தகத்துல ஒண்ணு கரடிக் கதை. தொப்பியும் சட்டையும் போட்டுக்கிட்டு ரெண்டு கால்ல நின்ன அந்தக் கரடி, காட்டுல வழி தப்பின பையனுக்கு எதுக்க வருதில்ல, அது. வெள்ளையனுக்கு அந்தப் புத்தகம்னா உசுரு. மேக்காட்டார்னா அவனுக்குப் பயம், ஆனா கரடின்னா புத்தகத்துல இருக்கற சினேகிதன். ரெண்டும் ஒண்ணுதான்னு யாரும் அவனுக்குச் சொல்லலை. ஆசுபத்திரியில கட்டுப்போட்ட வாயால அவன் சொன்னதைக் கேட்டப்பறந்தான் எங்களுக்கே வெளங்குச்சு. கரடிகிட்டப் போயி கும்பிட்டு, எனக்குக் கொஞ்சம் தேன் குடுங்கன்னு கேட்டானாம், கதையில அந்தப் பையன் கேட்ட மாதிரியே. அதைக் கேட்ட உங்க ஆத்தா ஊருக்குத் திரும்பி வந்ததும் வராததுமா அந்தப் புத்தகத்தை அடுப்புல வெச்சுட்டா. பட்டணத்துல உக்காந்துக்கிட்டே பெரியவன் சின்னவன் கண்ணைப் புடுங்கிட்டான்னு சொன்னா. அன்னைக்கிலிருந்து உன் பேரை எடுக்கறதில்லை, நான் எடுத்தாலும் எந்திரிச்சுப் போயிடறா.

இத்தனையும் எழுதிட்டு, மறுபடியும் புத்தகம் அனுப்புன்னு எழுதறானே, அப்பனுக்குப் பித்துப் புடிச்சிருச்சான்னு நெனைப்பே. வெளிச்சம் இருக்கறதுக்குள்ள படிச்சுக்கோணுங்கறான் கண்ணு வெள்ளையன். எழுத்தெல்லாம் தெரியும், கூட்டிக் கூட்டி வாசிக்கறான். அடுப்புக்கரியை எடுத்து வாசல் பாறையில எழுதிக்கிட்டே கெடக்கறான். உங்க முதலாளி பிள்ளைங்களுக்குப் புத்தகம் போடறவரு, இந்தக் காட்டு மனுசன் சொல்றதையும் கொஞ்சம் அவரு காதுல போட்டு வை. நான் முள்ளுக்குறிச்சி மண்டியில மூட்டை மேல பேரெழுதிக் கத்துக்கிட்ட எழுத்துத்தான், பெரிய படிப்பு ஒண்ணும் இல்லை, ஆனா நீ அனுப்பின நாலையும் பிள்ளைங்க மத்தியில வெச்சுக்கிட்டு ரெண்டு மாசம் பார்த்தவன். ஊருப் பிள்ளைங்களும் அஞ்சாறு வந்து உக்காரும்.

நாலுல ஒசத்தி அந்தக் கோழிப் புத்தகம். முட்டையைக் காணோம்னு கோழி ஒவ்வொருத்தர்கிட்டயும் போய்க் கேக்குதே, ஒவ்வொரு பக்கத்துலயும் அதே கேள்வி அதே வார்த்தை திரும்ப வருது, அதனால மூணாவது பக்கத்துலயே பிள்ளை என் கையைத் தள்ளிட்டுத் தானே வாசிக்குது. தானே வாசிச்சோம்னு அதுக்கு வர்ற கெருவம் இருக்குதே, அடேயப்பா. புதுசா வாசிக்கற பிள்ளைக்கு அது மாதிரித்தான் வேணும். எழுத்து அவரைக்கொட்டை பருமன், பக்கத்துக்கு ரெண்டு வரி, வார்த்தைக்கு வார்த்தை நல்லா எடம் விட்டு. பாட்டுப் புத்தகமும் நல்லது, அதை வாசிக்கவே வேண்டியதில்லை, ஒருத்தன் சொன்னா பத்துப் பேரு புடிச்சுக்கறாங்க, மிளகு உருவறப்ப நானே அதைத்தான் பாடறேன், உங்க ஆத்தா சிரிப்பா, இப்பச் சிரிக்கறதில்லை. கண்ணு போனாலும் பாட்டு நிக்கும், அதனால அதுல இன்னும் ரெண்டு மூணு வேற வேற அனுப்பு. ரயில் புத்தகம் படம் ஜோரு, ஆனா எழுத்து கடுகு கடுகா, ஒரு பக்கத்துல ஒரு மூட்டை சேதி, எனக்கே கண்ணு வலிச்சுது, அது பத்துப் பன்னெண்டு வயசுப் பிள்ளைக்கு ஆகும். பார்க்காத பொருளைப் போடாதீங்கன்னு நான் சொல்லலை, ரயிலும் கப்பலும் ஒட்டகமும் இருக்கட்டும், மலையிலயே கெடந்து சாகற பிள்ளை அதையாவது படத்துல பார்க்கட்டும். ஆனா கடிக்கற பிராணியைப் போட்டா பல்லையும் நகத்தையும் சேர்த்துப் போடச் சொல்லு. சட்டை தொப்பி வேணும்னா மாட்டிக்கட்டும், நகத்தை மறைக்கக் கூடாது. அப்பறம் அட்டை கெட்டியா இருக்கட்டும், நூல் போட்டுத் தையுங்க, கம்பி அடிச்சது இந்த ஈரத்துக்கு ஒரு மழையில துருப்புடிச்சுப் போச்சு. பசையில பூச்சி அரிக்காம இருக்க மயில்துத்தம் போடுவோம்னு முந்தி எழுதியிருந்தியே, பிள்ளைங்க புத்தகத்துக்கு அந்த வெசம் வேண்டாம் சாமி, வாயில வெச்சுச் சப்புதுக.

இனிமேத்தான் எழுத வேண்டியது இருக்குது. இதை எழுதத்தான் இத்தனையும் சுத்தி வளைச்சேன்.

கரடிப் புத்தகம் பதினாறு பக்கத்தோட நின்னு போச்சில்ல. கடைசிப் பாரம் எட்டுப் பக்கமும் இன்னும் மிஷின்லயே ஏறலை, பின்னாடி வரும், அது வர்ற வரைக்கும் பிள்ளைக்குக் குடுக்காம வையுங்கப்பான்னு நீ சீட்டு எழுதி உள்ள வெச்சிருந்தே. படிச்சேன். படிச்சு மடிச்சு மடியில வெச்சுக்கிட்டேன். நாலு புத்தகம் வந்துச்சுன்னு ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு, மூணைக் காட்டினா நல்லாருக்காதேன்னு நாலையும் எடுத்துப் போட்டேன். பதினாறாம் பக்கத்துல பையன் குகை வாசல்ல நிக்கறான், கரடி வெளிய வருது, அவ்வளவுதான். அப்பறம் என்னங்கப்பா அப்பறம் என்னங்கப்பான்னு வெள்ளையன் என்னைப் போட்டு உலுக்கறான், சுத்தியும் ஊருப் பிள்ளைங்க. தெரியாது, பக்கம் வரலைன்னு சொல்ல எனக்குக் கௌரவம் எடம் குடுக்கலை. எழுத்துத் தெரிஞ்சவன்னு இந்த நாட்டுலயே பேரெடுத்தவனாச்சே. பின்னட்டையை வெச்சுக்கிட்டு அதுல எழுதியிருக்கற மாதிரியே வாசிச்சேன். பையன் ரெண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டு எனக்குத் தேன் குடுங்கன்னு கேட்டான், கரடி அவனுக்குத் தேன் குடுத்து முதுகுல ஏத்திக்கிட்டுப் போயி ஊட்டுல விட்டுச்சுன்னு. அத்தனையும் நான் கட்டினது. தெனமும் அதையே கேட்டான், தெனமும் அதையே வாசிச்சேன். மேக்காட்டாரும் அதுவும் ஒண்ணுதாண்டான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பேரைச் சொல்லப்படாதுன்னு அதுக்கும் ஒரு சாக்கு வெச்சிருந்தேன்.

உங்க ஆத்தா உன்னை வாய்க்கு வந்தபடி பேசினப்பவும், அப்பறம் உன் பேரையே எடுக்காம இருந்தப்பவும் நான் குனிஞ்சுக்கிட்டுச் சோறு தின்னேன். அதாச்சும் போகுது, அவளும் நானும் கெழடுக. வெள்ளையன் சொல்றதைத்தான் என்னால தாங்க முடியலை. தப்பு என்மேலதாங்கப்பா, ஒரு கையில பலாச்சுளை இருந்துச்சு, ரெண்டு கையும் சேர்த்து நான் சரியாக் கும்பிடலை, அதான் கரடிக்குக் கோவம் வந்துருச்சுங்கறான். இதை ஆசுபத்திரியில சொன்னான், ஊட்டுக்கு வந்தும் சொன்னான், நேத்துக்கூட வாசல்ல உக்காந்துக்கிட்டு ரெண்டு கையையும் சேர்த்துச் சேர்த்துப் பார்த்துக்கிட்டிருக்கறான். நான் ஒரு மனுசனா குழந்தைசாமி. கண்ணையும் எடுத்துக்கிட்டுப் பழியையும் அந்தப் பிள்ளை தலையிலயே வெச்சுட்டேன். இனிமேலும் வாயைப் பொத்திக்கிட்டிருந்தா எனக்குச் சோறு எறங்காது. உங்க ஆத்தாளையும் அவனையும் கூப்பிட்டு உக்கார வெச்சு, இந்தக் கடுதாசியை முதல்லேர்ந்து ஒரு எழுத்து விடாம வாசிக்கப் போறேன். இந்தத் தடவை காகிதத்துல இருக்கறதை மட்டுந்தான் வாசிப்பேன்.

வாசிச்சாச்சு. இப்ப மத்தியானம், செல்லமுத்து சேந்தமங்கலம் சந்தைக்கு எறங்கறான், கடுதாசியைத் தபால்ல போட வாங்கிக்கிட்டுப் போக நிக்கறான், அதனால சுருக்கா எழுதறேன். உங்க ஆத்தா நடுவுல எந்திரிக்கலை. முடிச்சப்பறம் என்னை ஒரு பார்வை பார்த்தா, அதை எழுத எனக்குத் தெம்பில்லை. உறியிலிருந்து உன் மூணு கடுதாசியையும் எடுத்து என் மடியில போட்டா, பெரியவன் என்ன எழுதியிருக்கறான் படின்னா. அன்னைக்கு அப்படித் திட்டினப்பறம் இன்னைக்குத்தான் உன்னைப் பெரியவன்னு சொல்றா. மூணாவது கடுதாசிக்குள்ள புத்தகக் காகிதம் மாதிரி ஏதாச்சும் இருக்குமான்னு தடவிப் பார்த்தேன், இல்லை. பாரம் இன்னும் ஓடலைன்னு எழுதியிருக்கறே.

இப்ப ஓடியிருக்கும். ஓடலைன்னா உங்க முதலாளி காலைப் புடிச்சாவது ஓட்டச் சொல்லு. அந்த எட்டுப் பக்கமும் பெரிய எழுத்துல வேணும், பங்குனிக்கு முந்தி வேணும். கதை எப்படி முடிஞ்சாலும் சரி, நல்லதோ கெட்டதோ, எங்களுக்காக ஒரு வார்த்தைகூட மாத்தாதே. நான் வாசிச்சுக் காட்ட மாட்டேன், அவன் கண்ணாலயே அவன் வாசிச்சுக்கட்டும். மழைக்காலம், பட்டணத்துத் தண்ணியைக் காய்ச்சிக் குடி. உன்னை ஈசுவரன் கண்ணும் கருத்துமாக் காப்பாத்தட்டும், உன் கையால அடுக்கற எழுத்து ஒண்ணும் எந்தப் பிள்ளைக்கும் கெடுதல் பண்ணாம இருக்கட்டும்.

வெள்ளையன் என்ன சொன்னான்னு எழுதாம விட்டுட்டேன். எல்லாத்தையும் கேட்டான், அழுகலை, என்மேல கோவிச்சுக்கவும் இல்லை. சேர்த்துக் கும்பிட்டு வெச்சிருந்த ரெண்டு கையையும் அவனாவே பிரிச்சுத் துடையில வெச்சுக்கிட்டான். அப்பறம் கேட்டான், அப்ப அந்தப் பையன் ஊட்டுக்குப் போனானா இல்லையாங்கப்பான்னு. எனக்குத் தெரியாது சாமின்னு சொன்னேன்.

இப்படிக்கு,
உங்கப்பன்
சின்னுசாமி