சிவப்பு நூலில் என் பெயர்

என் தங்கமே,

முதலில் உட்கார். இது என் கையெழுத்துதான். நான் உயிரோடு இருக்கிறேன்.

காவல் முடிந்து முகாமுக்குத் திரும்பியதும், அலுவலக எழுத்தர் என்னைப் பார்த்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "யப்பா, உன் வீட்டுக்குச் சொல்லியாச்சேப்பா!" என்றார்.

சலவையில் மாறிப்போகும் என்று என் குளிர்கோட்டில் சிவப்பு நூலால் பெயர் தைத்துக் கொடுத்தாயே, அதைப் படித்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். படிக்க அது ஒன்றுதான் மிஞ்சியிருந்ததாம்.

அன்று காலை தண்ணீர் லாரியை எடுக்கப் போன நம் எதிர்வீட்டு அண்ணன் என்னிடம் வந்தார். "என் கோட்டு இன்னும் காயலைடா. உன்னோடதைக் குடு, பொத்தான் குறையாம திருப்பித் தர்றேன்" என்று சிரித்தார். கழற்றிக் கொடுத்துவிட்டு, நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு காவலுக்குப் போனேன். லாரி போன பாதையில் கண்ணிவெடி இருந்திருக்கிறது.

அவர் கோட்டு இன்னும் கொடியில்தான் தொங்குகிறது. காய்ந்துவிட்டது. யாரும் எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

இங்கே தொலைபேசியை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். விடுப்பில் கிளம்பும் நர்ஸிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சேதியைத் திருத்திச் சொல்ல அதிகாரிகள் வருவதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும்.

சேதி வந்ததிலிருந்து எதிர்வீட்டு அக்கா உன்னைவிட்டு நகர்ந்திருக்க மாட்டார். இதைப் படிக்கும்போதும் உன் பக்கத்தில்தான் இருப்பார். அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.

அவர் கையைப் பிடித்துக்கொள். சந்தோஷத்தில் மட்டும் கத்திவிடாதே.

உன் வீட்டுக்காரன்