பைன் கன்றும் சுவர்ப்பாசியும்

மார்ச் 3

அன்புள்ள உனக்கு,

நலம். மலைக்குளிர் உனக்கு ஒத்துக்கொண்டிருக்கும் என நம்புகிறேன். அச்சகத்தில் வேலை நெருக்கியதில் உன் ஆராய்ச்சிச் செடிகளுக்குத் தண்ணீர் விட மறந்துபோனேன். பைன் கன்று தப்பித்தது, பச்சைப்பசேலென்று நிற்கிறது. பாசித் தட்டுதான் கருகிவிட்டது. மாடி வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "காஞ்சத ஏன்ப்பா கட்டிட்டு அழற? தூக்கிப் போடு" என்கிறார். போடவா?

ஆராய்ச்சி நிலையத்தில் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். உன் விருப்பம். எனக்கு ஒரு குறையும் இல்லை.

அன்புடன்,
உன் வீட்டுக்காரன்


மார்ச் 11

அன்புள்ளவருக்கு,

போட்டுவிடாதீர்கள். பாசிக்கு வேர் கிடையாது, உள்ளே நீர் ஏறும் குழாயும் கிடையாது. காய்ந்தால் அப்போதே முகத்தில் காட்டிவிடும். தண்ணீர் தெளியுங்கள். நீங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் விரியும்.

என் பயம் பைனைப் பற்றித்தான். வேர் செத்த பிறகும் ஊசியிலைகள் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே ஈரப்பச்சை என்றால் உயிர் இருக்கிறது.

"ஒரு குறையும் இல்லை." இதை எங்கே கீறிப் பார்ப்பது? உடன் வேலை செய்பவள், "உன் வீட்டுக்காரர் தங்கம்டி, ஒரு வார்த்தை சொல்லலியே" என்கிறாள். "அதாண்டி எனக்குப் பயமே" என்றேன்.

மாதக் கடைசிக்குள் பதில் கேட்கிறார்கள். இங்கே போனுக்கு சிக்னலும் கிடைப்பதில்லை. எழுதுங்கள்.

உங்கள்
நான்


மார்ச் 18

அன்புள்ள உனக்கு,

பாசி விரிந்துவிட்டது. பைன் பச்சையாகத்தான் இருக்கிறது. கீறவில்லை. மற்றபடி நலம்.

அன்புடன்,
உன் வீட்டுக்காரன்


மார்ச் 24

கீறுங்கள். எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். 31ஆம் தேதி காலை வரை பார்ப்பேன். உங்களிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் அந்த இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

நான்


மார்ச் 29

கீறினேன். பழுப்பு. இன்னும் கீழே கீறினேன், அங்கேயும் பழுப்பு.

என்னைக் கேட்டா போனாய்? பெட்டி கட்டிய பிறகு சொன்னாய். "சரி" என்றேன். வாசல்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். அன்றே கத்தியிருக்க வேண்டும். உன் தலையணையைப் பரணில் போட்டேன், மறுபடி எடுத்தேன். உன்மேல் அப்படி ஒரு கோபம். நலம் என்று எழுதியதெல்லாம் பொய். இரண்டு வருடமா? என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய் நீ? வந்து நேரில் சண்டை போடு.

தபால் நிலையத்தில் நின்றுகொண்டே எழுதுகிறேன். விரைவுத் தபால் முப்பத்தொன்றாம் தேதி சேருமா என்று கேட்டேன். "மலைக்கா? சேந்தாலும் சேரும் சார். சீக்கிரம் குடுங்க, பை கட்டப் போறோம்" என்கிறார் கவுண்டரில் இருப்பவர். கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். போடாதே, கையெழுத்துப்