எம்பி இறங்கும் இடம்

தென்காசி,
10-7-61

அன்புள்ள அத்தானுக்கு,

நாச்சியார் எழுதுகிறேன். அத்தையும் குழந்தையும் நானும் நன்றாக இருக்கிறோம். தங்கத்தாய்க்கு இருமல் விட்டுவிட்டது. ஆனாலும் சாரல் அடிக்கிறதென்று அத்தை அவளை வாசல் தாண்ட விடுவதில்லை. உங்கள் மூச்சிளைப்பு எப்படி இருக்கிறது என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. குறைந்திருந்தால் எழுதியிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் சொன்னபடி நேற்று சாயங்காலம் குற்றாலம் போய் யாக்கூபின் ஆட்டத்தைப் பார்த்தேன். கூடைப்பந்து டோர்னமென்ட் பந்தலில் பெண்களுக்கென்று போட்டிருந்த பெஞ்சில் நானும் எங்கள் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர் நூர்நிஷாவும் மட்டும்தான் இருந்தோம். டிரில் டீச்சர் நான் வந்ததில் ஆச்சரியமில்லை, இவள் எதற்கு வந்தாள் என்று பார்த்தால், யாக்கூப் அவள் கூடப்பிறந்த தம்பியாம். வடகரைக்காரன். தூத்துக்குடிக் கம்பெனி அவனுக்குப் பந்து ஆடுவதற்கென்றே சம்பளம் கொடுக்கிறது. ஆபீஸில் கையெழுத்துப் போடுவதோடு அவன் வேலை முடிந்ததாம்.

அவன் பந்து போடுகிற விதத்தைக் கேட்டிருந்தீர்கள். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் இன்னும் முக்கால்வாசிப் பேர் நின்றுகொண்டு இரண்டு கையால்தான் போடுகிறார்கள். இவன் எம்பி, உச்சிக்குப் போன பிறகு ஒரு கையால் விடுகிறான். தடுக்கிறவன் எம்புவதற்குள் பந்து போய்விடுகிறது. வலது பக்கச் சாய்வில் பந்து கிடைத்தால் போர்டில் தட்டிப் போடுகிறான். மூலையிலிருந்தும் இடது பக்கத்திலிருந்தும் நேரே ரிங்குக்கு. ஆட்டத்தின் நடுவில் சாரல் பிடித்துக்கொண்டது. போர்டு நனைந்து பந்து வழுக்க ஆரம்பித்ததும் போர்டை அடியோடு விட்டுவிட்டான். எல்லாமே நேராக, முன்னைவிட உயரமாக. நனைந்த பந்து எவ்வளவு கனக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவன் கைக்கு அது தெரியவே இல்லை.

பந்தை வைத்துக்கொண்டு சுற்றுகிறவன் இல்லை. ஒரே ஒரு டிரிப்பிள், அதுவும் பெரும்பாலும் இடது பக்கம், சட்டென்று நின்று எம்பிவிடுகிறான். ஏமாற்றுவது கையால் இல்லை, கண்ணால். ரிங்கை ஒரு தரம் நிமிர்ந்து பார்க்கிறான். எதிராளி எம்பி இறங்கும்போது இவன் எம்புகிறான். திருச்சிக்காரர்கள் ஆட்டம் முழுக்க அதில் ஏமாந்தார்கள். கையில் பந்து இல்லாதபோது அவன் இன்னும் ஆபத்து. தங்கள் உயரமான ஆளைச் சுவர் மாதிரி நிறுத்திவைத்து, அந்த ஆள் முதுகை உரசிக்கொண்டு ஓடி வெளியே வருகிறான். துரத்துகிறவன் சுவரில் மோதிக்கொள்கிறான்.

இவனைத் தடுக்க ஒரு வழிதான் தெரிகிறது. கைக்குப் பந்து வரவே கூடாது. அதற்கு ஆட்டம் முழுக்க மூச்சு வாங்காமல் கூடவே ஓடுகிற ஆள் வேண்டும். அத்தான், அது நீங்கள் இல்லை. வேறு யார் சொன்னாலும் நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்பதால் நான் சொல்கிறேன். உங்கள் டீமிலிருக்கிற குத்தாலிங்கத்தை அவன்மேல் விடுங்கள். சின்ன வயசு, பிடித்தால் விடாதவன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கோப்பை வராவிட்டால் டீமைக் கலைத்து எல்லோரையும் மெஷினுக்கு அனுப்பிவிடுவேன் என்று உங்கள் மில் மானேஜர் சொன்னதை அத்தையிடம் நான் சொல்லவில்லை. பஞ்சுத் தூசிக்குள் உங்களால் எப்படி இருக்க முடியும் என்பதை நினைக்காமல் இருக்கத்தான் இவ்வளவும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மருந்தை வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
நாச்சியார்


தென்காசி,
15-7-61

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. அங்கே உங்கள் பக்கத்தில் நடந்த அரையிறுதியில் ஜெயித்ததில் அத்தைக்கு ரொம்ப சந்தோஷம். காசி விசுவநாதருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்கள். தூத்துக்குடிக்காரர்களும் ஜெயித்துவிட்டார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை இருபத்துமூன்றாம் தேதி யாக்கூபும் நீங்களும் குற்றாலத்தில் எதிரெதிரே.

நேற்று மறுபடியும் அவனைப் பார்த்தேன். முதல் கடிதத்தில் ஒன்று விட்டுப்போயிற்று. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம் அவன் போடுவதே இல்லை. வருகிற பந்தையெல்லாம் அடுத்தவனுக்குக் கொடுத்துக்கொண்டு, தடுக்கிறவன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்று அளந்து பார்க்கிறான். அவன் சும்மா இருக்கிறான் என்று குத்தாலிங்கம் தளர்ந்துவிடக் கூடாது.

இனி, நீங்கள் கடைசியில் கேட்டிருந்ததற்கு வருகிறேன். யாக்கூபுக்கு ஒரு காலில் பழைய அடி இருப்பதாக உங்கள் டீம் சங்கிலிப்பாண்டி கேள்விப்பட்டானாம். எந்தக் கால் என்று தெரிந்தால் மானேஜருக்குச் சொல்ல வேண்டும், அவன் எம்பி இறங்குகிற இடத்தில் சங்கிலிப்பாண்டி ஒரு தடவை பாதத்தை வைத்துவிட்டால் மீதி ஆட்டம் தானாக முடிந்துவிடும் என்று மானேஜர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கையெழுத்துதான். ஆனால் அந்தப் பாராவை நீங்கள் ஒரு பேப்பரைப் பார்த்து எழுதினமாதிரி இருந்தது.

அடி இருப்பது உண்மை. எந்தக் கால் என்பதும் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

அதை நான் மைதானத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. மைதானத்தில் பார்த்திருந்தால் அது ஆட்டத்தைச் சேர்ந்தது, உங்களுக்கு எழுதியிருப்பேன். புதன்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது நூர்நிஷா தானாகச் சொன்னாள். அடி பட்டது கம்பெனிக்குத் தெரிந்தால் ஆளை மாற்றிவிடுவார்கள் என்று அவன் மறைத்து வைத்திருக்கிறானாம். வீட்டுக்கு வந்தால் தவிட்டு ஒத்தடம் கொடுப்பது அவள்தான். "இன்னொரு தரம் பிசகினா பொறவு எழுந்திரிச்சு நடக்கதே சந்தேகம்னு டாக்டர் சொல்லிட்டாரு டீச்சர். யாருகிட்டயும் சொல்லல, ஒங்ககிட்டதான் சொல்லுதேன்" என்றாள். என் வீட்டுக்காரர்தான் எதிர் டீமின் கேப்டன் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் சொன்னாள்.

உங்கள் மூச்சா அவன் காலா என்று நீங்கள் கேட்கலாம். நேற்று முழுக்க நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பாடம் நடத்தும்போது வரிசையில் நின்ற பிள்ளைகளை அப்படியே வெயிலில் மறந்துவிட்டேன். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் என் கையால் அதை எழுத வரவில்லை. உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

அவன் ஆட்டத்தைத் தடுக்க எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். அதை வைத்து ஜெயியுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்கு வாருங்கள். தங்கத்தாய் வாசலிலேயே நிற்பாள்.

உங்கள்
நாச்சியார்


தென்காசி,
28-7-61

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கார்டு இன்று காலை கிடைத்தது. டீமைக் கலைத்தாயிற்று, ஒன்றாம் தேதியிலிருந்து பஞ்சு பிரிக்கிற கூடத்தில் வேலை என்று இரண்டு வரி. மேலே என் பெயர் இல்லை, கீழே உங்கள் பெயரும் இல்லை. அத்தை வாசிக்கச் சொன்னார்கள். எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டிருப்பதாக வாசித்தேன்.

அன்றைக்கு நீங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஆட்டம் முடிந்ததும் மில் வேன் ஓரத்தில் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றீர்கள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நான் வருவதற்குள் வேன் போய்விட்டது. என்னைப் பார்த்தீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு பெஞ்சிலிருந்து நான் பார்த்ததை உங்களுக்கு எழுத வேண்டும். நீங்கள் தோற்றதை மட்டும்தான் அங்கே எல்லோரும் பேசியிருப்பார்கள்.

முதல் பாதியில் குத்தாலிங்கத்தை அவன்மேல் விட்டீர்கள். என் கடிதத்தைக் குப்பையில் போடவில்லை என்று அப்போதே தெரிந்துகொண்டேன். குத்தாலிங்கம் நிழல் மாதிரி ஓடினான். யாக்கூபுக்குப் பந்து வரவே தடுமாற்றமாக இருந்தது. நூர்நிஷா என் பக்கத்தில் முந்தானை நுனியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இடைவேளைக்குப் பிறகு சாரல் வலுத்தது. குத்தாலிங்கம் ஐந்தாவது பவுலாகி வெளியே போனபோது இன்னும் நிறைய நேரம் பாக்கி இருந்தது. மானேஜர் குடைக்குள்ளிருந்து எழுந்து சங்கிலிப்பாண்டியைக் கூப்பிட்டு யாக்கூபைக் கை காட்டினார். காட்டியது ஆளைக்கூட இல்லை, கீழே காலை. எந்தக் கால் என்று தெரியாவிட்டால் என்ன, ஏதாவது ஒன்று என்று நினைத்திருப்பார். நூர்நிஷாவைத் திரும்பிப் பார்க்கவே பயந்தேன்.

அப்போது நீங்கள் சங்கிலிப்பாண்டியின் தோளைப் பிடித்துத் திருப்பி மறுபக்கம் அனுப்பினீர்கள். அவன் மானேஜரையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தான். நீங்கள் ஏதோ சொன்னீர்கள், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான். அப்புறம் நீங்களே போய் யாக்கூபின் முன்னால் நின்றீர்கள். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். "வயசான ஆள் எங்க இவங்கூட ஓடப் போறாரு" என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. அவன் உங்களைத் தாண்டிப் போய் இரண்டு மூன்று முறை போட்டான். உங்கள் மார்பு ஏறி இறங்குவது பெஞ்சுக்குத் தெரிந்தது. ஆனால் அவன் கண்ணால் காட்டிய ஏமாற்றுக்கு நீங்கள் ஒரு தரம்கூட எம்பவில்லை. அவன் சுவரை உரசி ஓடினபோதெல்லாம் நீங்கள் மறுபக்கமாகச் சுற்றி முன்னால் போய் நின்றீர்கள். என் கடிதத்தை எத்தனை முறை வாசித்தீர்களோ.

கடைசியில் நம் டீம் ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தது. பந்து அவன் கையில். இடது பக்கம் ஒரு டிரிப்பிள். நீங்கள் விடாமல் ஒட்டிக்கொண்டே போனீர்கள். அவன் எம்பினான். நீங்களும் எம்பினீர்கள், அவனுக்கு முன்னால் இறங்கிவிட்டீர்கள். உங்கள் வலது பாதம் அவன் இறங்குகிற இடத்தில், அவனுக்கு நேர் கீழே இருந்தது. ஈரத்தில் வழுக்கி அங்கே போனதுதான், நீங்கள் வைக்கவில்லை. அப்படியே நின்றிருந்தால் யாரும் உங்களைக் குறை சொல்லியிருக்க முடியாது. நீங்கள் பாதத்தை இழுத்தீர்கள். இழுத்த வேகத்தில் மல்லாந்து விழுந்தீர்கள். அவன் இரண்டு காலும் தரையில் பட நன்றாக இறங்கினான். பந்து ரிங்குக்குள் போய்விட்டது.

மானேஜருக்கு, கேப்டன் தடுக்கத் தெரியாமல் வழுக்கி விழுந்தார். ஊருக்கும் அப்படித்தான். எனக்கு அப்படி இல்லை.

நூர்நிஷா செவ்வாய்க்கிழமைதான் பள்ளிக்கூடம் வந்தாள். வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, தம்பி வீட்டில் சொன்னதைச் சொன்னாள். "அந்தக் கேப்டன் கால இழுக்கலைன்னா நான் ஆஸ்பத்திரியிலதான் கெடந்திருப்பேன் அக்கா. கீழ பாத்தேன், அவரு பாதம் தெரிஞ்சுது. அவ்வளவுதான்னு நெனச்சேன்." அவன் எதற்கும் கண் கலங்குகிறவன் இல்லையாம். உங்களை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறானாம். அவனுக்கு என்ன பதில் சொல்லட்டும்?

அத்தான், இந்தக் கடிதம் திங்கட்கிழமை உங்கள் கைக்கு வரும். செவ்வாய்க்கிழமை அந்தக் கூடத்துக்குள் நீங்கள் போகாதீர்கள். இங்கே வந்து என்ன செய்வது என்று கேட்பீர்கள். எனக்கும் தெரியாது. என் வேலை இருக்கிறது, அத்தை இருக்கிறார்கள், மற்றதைச் சேர்ந்து யோசிப்போம். நான் அந்த ஒரு வார்த்தையை எழுதியிருந்தால் இன்று நீங்கள் கோப்பையோடு இருந்திருப்பீர்கள் என்று உங்களுக்குத் தோன்றினால், அதை என் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். இரண்டு வரிக் கார்டில் வேண்டாம்.

கோபத்தை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை. அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். வந்து பேசாமல் இருந்தாலும் சரி, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாலும் சரி. நீங்கள் மூச்சு விடுகிற சத்தம் இந்த வீட்டுக்குள் கேட்டால் எனக்குப் போதும்.

உங்களையே எதிர்பார்த்திருக்கும்
நாச்சியார்