பெண்கள் சீட்டில் ஐந்து நாட்கள்

டீச்சர்,

நேற்றுக் காலை கே.கே. நகரில் பஸ் ஏறினேன். ஏறியதும் ஒரு காலேஜ் பெண் எழுந்து, "தாத்தா, நீங்க உக்காருங்க, உங்களால நிக்க முடியாது" என்றாள். நல்ல பெண்தான். ஆனால் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். எனக்கு வந்ததே கோபம். முப்பது வருஷத்துக்கு மேல் பஸ்ஸில் நின்றே சம்பாதித்தவனுக்கு நிற்க முடியாதாம்! "முடியும்மா, நீ உக்காரு" என்று சொல்லிவிட்டு, வீம்புக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நின்றே வந்தேன். இறங்கும்போது முழங்கால் இரண்டும் கெஞ்சின. அப்போதுதான் உங்கள் ஞாபகம் வந்தது. நீங்கள் காலமாகி மூன்று மாதம் ஆகிறது. உங்களிடம் நேரில் சொல்லாமல் விட்டதை எல்லாம் இன்றைக்கு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது அறுபதுகளின் தொடக்கம். ஸ்ரீரங்கத்திலிருந்து ஜங்ஷன் போகும் டவுன் பஸ்ஸில் நான் கண்டக்டர். வயது இருபத்தாறு, தொண்டை மட்டும் நாலு ஆளுக்கு உண்டானது. நீங்கள் மாம்பழச் சாலையில் ஏறி, பாலக்கரையில் உங்கள் பள்ளிக்கூடத்துக்கு இறங்குவீர்கள். நீங்கள் ஏறும் நேரத்துக்குள் பஸ் நிறைந்திருக்கும்.

இடது பக்கச் சீட்டுகளுக்கு மேலே 'பெண்கள்' என்று பெயிண்டில் எழுதியிருக்கும். எழுதியிருந்து என்ன? காலியாக இருந்தால் ஆண்கள் உட்கார்ந்துகொள்வார்கள். பெண்கள் ஏறியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக் காவிரியைப் பார்ப்பார்கள், பிறந்ததிலிருந்து ஆற்றையே பார்க்காதவர்கள் மாதிரி. எந்தப் பெண்ணும் வாய்விட்டு "எந்திரிங்க" என்று கேட்கமாட்டாள். கேட்பது கண்டக்டர் வேலை. அதிலும், சும்மா சொன்னால் ஆள் அசையமாட்டான். கைக்குழந்தை, வயசானவங்க, காய்ச்சல்காரங்க என்று ஏதாவது ஒரு காரணம் வேண்டும். காரணத்தை உரக்கச் சொன்னால் மற்றவர்கள் எல்லாரும் அவனை முறைப்பார்கள், வேறு வழியில்லாமல் எழுந்துவிடுவான். இந்த வித்தையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு.

ஒரு நாள் நீங்கள் ஏறும்போதே முகம் வெளுத்திருந்தது. ஒரு கையில் நோட்டுக் கட்டு. இன்னொரு கையில் எலுமிச்சம்பழம் வைத்து முகர்ந்துகொண்டிருந்தீர்கள். டீசல் வாடை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, கம்பியில் சாய்ந்து கண்ணை மூடினீர்கள். பெண்கள் சீட்டில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தார். நான் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தேன், முகத்தைப் பார்த்தேன், நானே முடிவு கட்டினேன்.

"சார், பேப்பரை அப்புறம் படிக்கலாம். புள்ளத்தாச்சி நிக்கிறாங்க, கண்ணு தெரியலையா? எந்திரிங்க!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் எழுந்துவிட்டார். நீங்கள் என்னை ஒரு தடவை பார்த்தீர்கள். ஏதோ சொல்லப்போவது போல உதடு அசைந்தது. பிறகு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தீர்கள்.

அடுத்த நாளிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. மாம்பழச் சாலை வருவதற்குள் அந்தச் சீட்டை நானே காலி பண்ணி வைப்பேன். பாலத்தில் டிரைவரிடம், "மெதுவாப் போங்கண்ணே, புள்ளத்தாச்சி இருக்காங்க" என்பேன். பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் உங்கள் நோட்டுக் கட்டை வாங்கித் தங்கள் மடியில் வைத்துக்கொள்வார்கள். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, இறங்கும்போது நீங்கள் ஒரு கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு படியில் கால் வைத்தீர்கள். ஒரு பெண்ணுக்கு நல்லது செய்கிறோம் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்துபோனது.

அதற்குப் பிறகு பத்து நாள் உங்களைக் காணோம். திரும்பி வந்த அன்று நீங்கள் பஸ்ஸின் கடைசியில், கூட்டத்துக்குள் போய் நின்றுகொண்டீர்கள். நான் விடுவேனா? "டீச்சர், இந்த நேரத்துல நிக்கக் கூடாது, முன்னால வாங்க!" என்று கத்தினேன். "எனக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றீர்கள். அது கூச்சம் என்று நினைத்து நான் இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். பாலம் தாண்டி ஓடத்துறையில் வண்டி நின்றதும் நீங்கள் இறங்கி, பாலக்கரைப் பக்கம் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டீர்கள். வெயிலில் அந்தத் தூரம்!

காந்தி மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போகும் ஓர் அம்மாள் அந்தப் பஸ்ஸில்தான் வருவார், உங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அவர் டிக்கெட் வாங்கும் சாக்கில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் தம்பி இப்படிக் கத்துறீங்க? அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமாகி ஒம்பது வருஷம், புள்ளை இல்லை. நீங்க சொன்னதைக் கேட்டு நான்தான் மாமியார்கிட்டப் போய், சந்தோஷமான சேதிய மறைச்சிட்டீங்களேன்னு கேட்டேன். அந்தம்மா மருமககிட்டக் கேட்டுச்சு. இவ பதிலே சொல்லலை. இப்ப ஒண்ணுமில்லைன்னு ஆயிடுச்சு. மகனுக்கு ரெண்டாம் கல்யாணம் பேசிக்கிட்டிருந்தாங்க, அதைத் தள்ளிப்போட இவ பொய் சொல்லிட்டான்னு வீட்டுல ஒரே ரகளை. ஒரு வாரமா மாமியார் அவகூடப் பேசுறதில்லை."

எலுமிச்சம்பழத்தை முகர்ந்தால் பிள்ளைத்தாச்சியா? யார் எனக்குச் சொன்னது? ஓர் ஆளை எழுப்ப எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, அதை உங்கள் வயிற்றிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

உங்கள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். என் மனைவி விடவில்லை. "ஆம்பளை தனியாப் போய் நின்னா அந்தப் பொண்ணுக்கு இன்னும் பேச்சு வரும். நானும் வரேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வந்தோம். உங்கள் வீட்டுக்காரர் அன்றைக்கும் வேலைக்குப் போயிருந்தார். உங்கள் மாமியார் கூடத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நீங்கள் அடுப்படி வாசலில் வந்து நின்றீர்கள், எங்களைப் பார்த்ததும் உங்கள் முகம் செத்துப்போனது.

"நான் பஸ் கண்டக்டருங்கம்மா. உங்க மருமக புள்ளத்தாச்சின்னு சொன்னது நான்தான். அவங்க ஒரு வார்த்தை சொல்லலை. எடம் வாங்கித் தர நானா சொன்னது."

"நீயா சொல்றதுக்கு நீ என்ன டாக்டரா?"

"இல்லைங்கம்மா. தப்புதான்."

"சரி, நீ சொன்ன. அவ இல்லைன்னு சொல்லியிருக்கலாமே? அஞ்சு நாள் உக்காந்து வந்திருக்கா. நான் கேட்டப்பவும் வாயத் தொறக்கலை. அது ஏன்?"

என் மனைவி தரையைப் பார்த்தாள். நீங்கள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நான் யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்ததைச் சொன்னேன்.

"இருக்கக் கூடாதான்னு நெனச்சிருப்பாங்கம்மா. அவங்களுக்கு மட்டும் ஆசை இருக்காதா?"

புளியில் இருந்த கை நின்றது. அந்த அம்மாள் யாரையும் பார்க்காமல், "நானும்தான் நெனச்சேன். கேள்விப்பட்ட அன்னிக்கே பொட்டியிலேருந்து பழைய நூல் சேலை ரெண்ட எடுத்து வெச்சேன், தூளிக்கு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பி, "வந்தவங்களுக்குக் காப்பி போடு" என்றார். நீங்கள் உள்ளே போய் அழுத சத்தம் எங்களுக்குக் கேட்டது. காப்பி வர நேரமானது, நாங்கள் மூன்று பேரும் ஒன்றும் தெரியாதவர்கள் போல உட்கார்ந்திருந்தோம்.

இரண்டாம் கல்யாணப் பேச்சு பிறகு உங்கள் வீட்டில் எழவில்லை என்று அந்தப் பக்கத்து வீட்டு அம்மாள்தான் சொன்னார். அது என்னால் என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன். உங்கள் வீட்டுக்காரரும் முதலிலிருந்தே அதற்குத் தலையாட்டவில்லையாம்.

திங்கட்கிழமை நீங்கள் ஏறினீர்கள். பெண்கள் சீட்டில் ஓர் ஆள். நான் அவர் தோளைத் தொட்டு, "சார், இது பெண்கள் சீட்டு" என்றேன். "ஏன், யாருக்கு என்ன?" என்றார். "பெண்கள் சீட்டு சார், அவ்வளவுதான்." அவர் காவிரிக்குத் திரும்பினார். நான் விசில் கொடுக்கவில்லை. விசில் இல்லாமல் வண்டி எப்படிப் போகும்? டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார், பின்னால் இன்னொரு பஸ் ஹாரன் அடிக்கிறது, உள்ளே ஆபீஸ் போகிறவர்கள் வாட்சைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறார்கள். நான் வாயில் விசிலை வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றேன். கடைசியில் அவர் எழுந்தார். நீங்கள் உட்கார்ந்தீர்கள், அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்ததை நான் பார்த்தேன். வேலையை விட்டு வரும் வரைக்கும் நான் யாரையும் காரணம் சொல்லி எழுப்பியதில்லை. இதனால் வண்டி லேட்டாகி எத்தனையோ நாள் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அத்தனை வருஷமும் நாம் டிக்கெட், சில்லறை, வெயில், மழை தவிர வேறு பேசவில்லை. நீங்கள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளில், கழுத்தில் வாங்கிய மாலையைக் கையில் வைத்துக்கொண்டு தற்செயலாக என் பஸ்ஸில் ஏறினீர்கள். கூட்டம் சத்திரத்திலேயே இறங்கிவிட்டது. பாலத்தில் வண்டி போகும்போது நீங்களாகவே ஆரம்பித்தீர்கள்.

"கண்டக்டர், அந்த அஞ்சு நாள நெனச்சு நீங்க இன்னும் வருத்தப்படுறீங்கன்னு எனக்குத் தெரியும். வேண்டாம். அப்ப எனக்கு நாள் தள்ளியிருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லலை, நானே நம்பலை. நீங்க கத்தினப்பதான் நம்பினேன். அந்த அஞ்சு நாளும் இந்தப் பாலத்துல நான் தனியாப் போகலைங்க."

மாம்பழச் சாலையில் இறங்கிப் போய்விட்டீர்கள். "மன்னிச்சிருங்க டீச்சர்" என்று சொல்ல வைத்திருந்த வார்த்தை என் வாயிலேயே நின்றுவிட்டது. மன்னிப்புக் கேட்பதா, வேண்டாமா என்றே எனக்குப் புரியவில்லை. இப்போதும் புரியவில்லை. ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தக் குழந்தையை நினைத்தவர்கள் நாலு பேர். உங்கள் மாமியார் போனார். என் மனைவி போய் ஆறு வருஷமாகிறது. இப்போது நீங்களும் போய்விட்டீர்கள். இனி அதை நினைக்க நான் ஒருவன்தான் இருக்கிறேன், டீச்சர். நான் இருக்கும்வரை நினைப்பேன்.