வார்டில் நிற்கிறாள்

கராமா, துபாய்
20.03.1987, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் நளாயினிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே சுகம். நீயும் சளி இருமல் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, கை கால் சுகத்தோடு இருக்கிறாய் என்பதை இந்த முறை நம்பி மட்டுமல்ல, நிச்சயமாகத் தெரிந்துகொண்டே எழுதுகிறேன். போன கிழமை முழுக்க உன் சுகத்தைக் கேட்டுக் கேட்டுக் கடவுளுக்கே என் குரல் புளித்துப் போயிருக்கும். என்ன நடந்ததென்று அப்பா போனில் பாதி சொன்னாராம், நீ விழுந்து விழுந்து சிரித்தாயாம். சிரி. மிச்சப் பாதியை நான் சொல்லுகிறேன், அதற்குப் பிறகும் சிரிப்பு வருகிறதா என்று பார்.

நீ சனிக்கிழமை அப்பாவின் கந்தோருக்குப் போன் எடுத்தபோது அவர் துறைமுகத்துக்குச் சாமான் இறக்கப் போயிருந்தார். போனை எடுத்தது பக்கத்து மேசை செய்கு முகம்மது. கீழக்கரைக்காரர், தங்கமான மனுசன், ஆனால் நீ இருக்கிற ஊர் லெஸ்டர் என்று எத்தனை தரம் சொன்னாலும் அவருக்கு இங்கிலாந்து முழுக்க லண்டன்தான். அப்பா திரும்பி வந்ததும் அவர் வாயெல்லாம் பல்லாக எழும்பி வந்து, "சார், லண்டன்லேர்ந்து பொண்ணு பேசுச்சு. வார்டுல நிக்குதாம் சார், செயின்ட் கிளேர் வார்டு. மே ஏழாந்தேதி ரிசல்ட் தெரிஞ்சிருமாம்" என்று சொல்லிக் கையும் குலுக்கினாராம். அப்பா அந்த இடத்திலேயே வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வெளிக்கிட்டார். எங்கள் பக்கத்துப் பேச்சில் ஒருவர் வார்டில் நிற்கிறார் என்றால் என்ன பிள்ளை அர்த்தம்? ஆசுபத்திரியில் மறித்துப்போட்டார்கள், வீட்டுக்கு விடவில்லை என்பதுதானே. அதுவும் செயின்ட் கிளேர் என்று ஒரு கன்னியாஸ்திரியின் பெயரும் வார்டும் சேர்ந்து வந்தால் ஆசுபத்திரியைத் தவிர வேறு எதை நினைப்பது?

அப்பா வீட்டுக்கு வந்து தொப்பென்று கதிரையில் இருந்துவிட்டுச் சொன்னபோது நான் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். அடுப்பை நிறுத்தினது கூட ஞாபகமில்லை. என்ன வருத்தம், என்ன நோய் என்று கேட்டேன், தெரியாது என்றார். ரிசல்ட் வர மே மாதம் வரைக்கும் செல்லுமென்றால் அது என்ன வருத்தமப்பா என்றேன், அதுவும் தெரியாது என்றார். சாதாரண இரத்தச் சோதனைக்கு இங்கே அடுத்த நாளே சொல்லிவிடுகிறார்கள். இவ்வளவு நாள் எடுக்கிற சோதனை என்ன சோதனை? உன் அறைக்குப் போன் போட்டால் மணி அடிக்கிறது, அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. ஆசுபத்திரியில் கிடக்கிறவள் அறையில் போன் எடுப்பாளா என்று அப்பா என்னைத்தான் ஏசினார். அடுத்த நாள் கந்தோரில் செய்கு முகம்மது ஒரு பெட்டி லட்டு வாங்கி வந்து அப்பாவின் மேசையில் வைத்தாராம், எல்லாருக்கும் குடுங்க சார் என்று. என் பிள்ளை படுத்திருக்க இந்த மனுசனுக்கு லட்டுக் கேட்குதோ என்று அப்பா பெட்டியைத் திறக்காமலே தள்ளிவிட்டு எழும்பி வந்துவிட்டார். பாவம், அந்த மனுசன் என்ன பிழை செய்தோமென்று தெரியாமல் இரண்டு நாள் அப்பாவுக்கு முன்னால் வரவே பயந்து திரிந்திருக்கிறார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பர்துபாய்க் கோயிலுக்குப் போய் நின்று ஒரு நேர்த்திக்கடன் வைத்தேன். என்ன நேர்த்தி என்று பிறகு சொல்லுகிறேன், அது தான் இப்போது என் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கடைசியில் விசயத்தை வெளிக்கொண்டு வந்தது பக்கத்து பிளாட் ராதா. மயிலாப்பூர்ப் பிள்ளை, கெட்டிக்காரி, என் முகத்தைப் பார்த்துவிட்டு விடாமல் கேட்டாள். நான் அழுது அழுது சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, அந்த செய்கு முகம்மது சொன்ன வார்த்தையை அப்படியே திருப்பிச் சொல்லுங்கோ என்றாள். சொன்னேன். "மாமி, ஆஸ்பத்திரியில யாரும் நிக்க மாட்டா, படுத்துப்பா. உங்க பொண்ணு எலக்‌ஷன்ல நிக்கறா" என்றாள். வார்டு என்றால் நகரசபைத் தொகுதியும் தானாம். ஆனாலும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தேர்தலில் நிற்பது என்றால் வாக்குப்போட வரிசையில் நிற்பதா என்று கேட்டேன். அதற்குத்தான் அவள் சிரித்தாள். நாங்கள் எலெக்சன் கேட்கிறது என்று தானே சொல்லுவோம். அவர்கள் நிற்கிறது என்பார்களாம். நீ இத்தனை காலம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளோடு ஒரே வீட்டில் இருந்து அவர்கள் பேச்சைப் பிடித்துக்கொண்டு செய்கு முகம்மதிடமும் அவருக்கு விளங்குகிற மாதிரியே சொல்லியிருக்கிறாய், அவரும் சரியாகத்தான் விளங்கியிருக்கிறார், விளங்காமல் போனது பெற்ற எங்களுக்குத்தான். அதற்குப் பிறகுதான் அப்பா போய் போன் பூத்தில் வரிசையில் நின்று உன்னைப் பிடித்தார். அடுத்த நாள் செய்கு முகம்மதிடம் மன்னிப்புக் கேட்டு, காய்ந்து போன லட்டைத் தானும் சாப்பிட்டு, எனக்கும் ஒன்று கொண்டுவந்தார்.

சரி, வருத்தமில்லை, மனம் ஆறிற்று. ஆனால் அதற்குப் பிறகு வந்த குழப்பம் முந்தினதை விடப் பெரிதாயிருக்கிறது. உன்னிடம் இருப்பது சிலோன் பாஸ்போர்ட். நீ போய் நாலு வருசம் கூட ஆகவில்லை. அவர்களுடைய நகரசபைக்கு நீ எப்படிப் போட்டியிடுவது? இங்கே அப்பாவின் பாஸ்போர்ட் கஃபீலின், அதுதான் விசா எடுத்துக் கொடுத்த அரபு முதலாளியின், இரும்புப் பெட்டிக்குள் கிடக்கிறது. ஊருக்குப் போவதற்கும் அவர் கையெழுத்து, வேலை மாறுவதற்கும் அவர் கையெழுத்து. தெருவில் குப்பை நிற்கிறது என்று கூட இங்கே நாங்கள் வாய் திறப்பதில்லை, விசாவைக் கேன்சல் பண்ணி அனுப்பிவிடுவார்களோ என்று. உனக்கு அங்கே கஃபீல் யார்? அவரிடம் கேட்டாயா? கொமன்வெல்த்துக்காரர் எல்லாருக்கும் அங்கே வாக்கும் உண்டு, போட்டியிடவும் உரிமை உண்டு என்று நீ அப்பாவுக்குச் சொன்னாயாம், அவரும் வந்து எனக்கு அப்படியே ஒப்புவித்தார். என்ன கட்சி என்று கூடக் கேட்க மறந்துவிட்டார். வீடு வீடாகக் கதவைத் தட்டி வாக்குக் கேட்கிறாயாம், அதனால் தான் போன் எடுக்கவில்லையாம். கதவைத் திறக்கிறவன் வெள்ளைக்காரனாக இருந்து, நீ யாரடி எங்கள் ஊரைக் கேட்க என்றால் என்ன செய்வாய்? தோற்றால் வேலையால் நிறுத்துவார்களா? வென்றால் வேலையை விட வேண்டுமா? கலியாணம் பேச உன் சாதகத்தை வாங்கிப் போன கனடா ரொறன்ரோக்காரரின் தாய் பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டு எழுதியிருக்கிறா. கணக்குக் கந்தோரில் வேலை என்று எழுதுவதா, எலெக்சன் கேட்கிறாள் என்று எழுதுவதா? எனக்குத் தலை சுற்றுகிறது பிள்ளை.

இதெல்லாம் சும்மா கேள்வி. உண்மையான பயம் என்னவென்று உனக்குத் தெரியும். உங்கள் பகுதியில் இருக்கிற சின்ன நூலகத்தை நகரசபை மூடப்போகிறது, அதைத் தடுக்கத்தான் கேட்கிறேன் என்று நீ சொன்னதாக அப்பா சொன்னார். நான் எழும்பிக் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டேன். எண்பத்தோராம் ஆண்டில் எங்கள் ஊரிலும் மாவட்ட சபைத் தேர்தல் என்று ஒன்று வந்தது. அந்தக் கிழமை தானே எங்கள் ஊரின் பெரிய நூலகம் எரிந்தது. விடிய எழும்பி முற்றம் கூட்டினபோது கருகின கடதாசித் துண்டுகள் காற்றோடு வந்து விழுந்து கிடந்தன. என்ன ஏதென்று தெரியாமல் நான் அதையெல்லாம் கூட்டி அள்ளிக் குப்பைக்குள் போட்டேன். நீ எழும்பி வந்து ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அம்மா இது எழுத்து என்றாய். அதற்குப் பிறகும் நானும் அப்பாவும் பிடிவாதமாகப் போய் வாக்குப் போட்டோம். போட்ட பெட்டிகள் சில எங்கே போயின என்றே தெரியாது என்று ஊர் கதைத்தது. என் வாக்கு எந்தப் பெட்டிக்குள் போயிற்று, எண்ணினார்களா இல்லையா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எலெக்சன் என்றால் எனக்கு அந்தக் கருகின மணம் தான் பிள்ளை. உங்கள் ஊரில் அப்படி ஒன்றும் நடக்காது என்று நீ சொல்லுவாய். எங்கள் ஊரிலும் நடக்காது என்றுதான் நாங்கள் இருந்தோம்.

அம்மா வேண்டாமென்றால் மனுக் கொடுக்க மாட்டேன், ஏப்ரலுக்கு முதல் பதில் வேண்டும் என்று நீ சொல்லி அனுப்பினாய். அப்பாவைக் கேட்டேன், உன்னைத்தானே கேட்டிருக்கிறாள், நீயே எழுது என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். வேண்டாம் என்று எழுதத்தான் இருந்தேன். ஆனால் அந்த நேர்த்தி இருக்கிறதே. பிள்ளையாரே, என் பிள்ளை அந்த வார்டை விட்டு எழும்பி நடமாடினால் போதும், இனி அவள் எதைச் செய்தாலும் நான் குறுக்கே நிற்க மாட்டேன் என்று அழுது வைத்த நேர்த்தி. இப்போது நீ எழும்பி நடமாடுகிறாய், அதுவும் தெருத் தெருவாக. வருத்தமே இல்லாத பிள்ளைக்கு வைத்த நேர்த்தி செல்லாது என்று ராதாவிடம் வாதாடிப் பார்த்தேன். சாமிக்கு அதெல்லாம் கணக்கில்லை மாமி என்கிறாள். பிள்ளையாருக்கு எல்லாம் முன்கூட்டியே தெரிந்துதான் என் வாயைக் கட்டிப்போட்டாரோ என்று ஒரு பக்கம் கோபம் கூட வருகிறது.

நேற்றுச் சுன்னாகத்திலிருந்து பெரியம்மாவின் கடிதம் வந்தது, மாசி மாதம் எழுதினது. எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள், சாமான்கள் தான் கிடைப்பதில்லை, வேறு ஒன்றும் எழுத வேண்டாமென்று நினைத்தாவோ என்னவோ, கடைசியில் ஒரு வரி. உன்னுடைய இரண்டு புத்தகமும் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறதாம், கறையான் பிடிக்காமல் வேப்பிலை வைத்திருக்கிறாவாம். நூலகம் எரிவதற்கு முதல் கிழமை நீ அங்கேயிருந்து எடுத்து வந்த புத்தகங்கள். திருப்பிக் கொடுக்க இடமில்லை என்று நீ அன்றைக்கு அழுதது ஞாபகம் வந்தது. அதை வாசித்த பிறகு வேண்டாம் என்று எழுதக் கை வரவில்லை. நேர்த்திக்காகவா, புத்தகத்துக்காகவா என்று கேட்காதே, எனக்கே தெரியாது.

குளிருக்குள் கதவு தட்டப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ. நான் அனுப்பின கம்பளித் தொப்பியை வடிவில்லை என்று பெட்டிக்குள் வைத்திருக்காதே. தனியே போகாதே, அந்தக் கூட்டாளிப் பிள்ளைகளில் ஒருத்தியையாவது கூட்டிக்கொண்டு போ. யாராவது ஏசினால் திருப்பி ஏசாமல் அடுத்த வீட்டுக்குப் போ. ரொறன்ரோவுக்கு உண்மையையே எழுதிவிடுகிறேன், பிடித்தால் வரட்டும்.

நில் பிள்ளை. செய்கு முகம்மது சொன்ன மாதிரியும் நில். அப்பாவும் நானும் எங்கிருந்தாலும் உன் பக்கம் தான். தீர்க்காயுசாக இரு, நல்ல பெயர் எடு, பிள்ளையார் உனக்கு முன்னால் நடக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஏழாம் திகதி வெற்றியோ தோல்வியோ அது எனக்கு வேண்டாம். பெட்டியைத் திறந்து கடைசி வாக்கை எண்ணி முடிக்கும் மட்டும், யார் கூப்பிட்டாலும் போகாமல், அதற்குப் பக்கத்திலேயே நில்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா
பத்மாசனி தியாகராசா